பழைய பூங்காச் சுவர்களுக்காக ஒரு பெட்டிசம்

கௌரவ வடக்கு மாகாண ஆளுநர் அவர்களுக்கும், தொல்பொருள் திணைக்களத்தில் யாழ்ப்பாணத்துக் கோப்புகளைப் பார்க்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

தலைப்பில் திறந்த மடல் என்று போடத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் வளர்ந்த சுண்டுக்குளிப் பக்கத்தில் அரசாங்கத்துக்கு எழுதுகிற எந்தக் காகிதத்துக்கும் ஒரே பெயர்தான்: பெட்டிசம். காணி எல்லை பிசகினால் பெட்டிசம், வாய்க்கால் அடைபட்டால் பெட்டிசம், பக்கத்து வீட்டு முருங்கை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாலும் பெட்டிசம். அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் சின்ன மேசை போட்டு, கூலிக்குப் பெட்டிசம் எழுதியே பிள்ளைகளைப் படிப்பித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் இதையும் எழுதுகிறேன். வித்தியாசம் ஒன்று. எனக்காக நான் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் செயலகம் இருக்கிற அதே பழைய பூங்கா வளவில், கூரை போய் வெறும் சுவராய் நிற்கிற பழைய அரசாங்க அதிபர் வதிவிடத்துக்காகக் கேட்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற படவரைஞன். என் தகப்பனார், நான் அப்பு என்று கூப்பிடுகிறவர், மேசன். அவருடைய தகப்பனாரும் மேசன். கட்டடத்தை அவர்கள் கையால் அறிந்தார்கள், நான் பென்சிலால் அறிந்தேன். படித்தவர்கள் எழுதுகிற மாதிரி என்னால் எழுத முடியாது. ஆனால் ஒரு சுவரைப் பார்த்தால் அதற்கு என்ன வருத்தம் என்று சொல்ல முடியும்.

அந்த வீட்டின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கோப்பில் இருக்கட்டும். பேர்சிவல் அக்லண்ட் டைக் 1829 இல் யாழ்ப்பாணத்தின் கலெக்டராக வந்து, 1833 இல் வடமாகாணம் உருவானபோது அதன் அரசாங்க அதிபரானார். அந்தக் காலத்துப் பேச்சில் ஏசண்டுத் துரை. இடையில் கொஞ்சக் காலம் நீங்கலாக 1867 இல் சாகும்வரை இந்த ஊரை ஆண்டவர் அவர்தான். வடக்கின் ராசா என்று வெள்ளைக்காரரே அவரைச் சொன்னார்கள். இன்றைக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக வளர்ந்திருக்கிற ஆசுப்பத்திரியை 1850 இல் தொடங்கி வைத்ததும் அவர்தான். பழைய பூங்கா அவருடைய சொந்தக் காணி. மரங்களை வைத்து, வீட்டைக் கட்டி, தனக்குப் பின்னால் வருகிற ஏசண்டுமார் இருப்பதற்கென்று மரணசாதனத்தில் எழுதி விட்டுப் போனார். அவருக்குப் பின் வந்தவர்களில் வில்லியம் டுவைனம் 1869 முதல் 1896 வரை அந்தப் பதவியில் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் சீமைக்குத் திரும்பாமல் யாழ்ப்பாணத்திலேயே தங்கி, 1922 இல் கண்ணை மூடினார். இரண்டு பேர், அறுபதுக்கு மேற்பட்ட ஆண்டுகள். வடக்கின் பத்தொன்பதாம் நூற்றாண்டு முக்கால்வாசி இந்த இரண்டு கையெழுத்துகளுக்குள் அடங்கிப் போகும்.

பிறகு சுதேச அதிபர்மார் இருந்தார்கள். பிறகு யுத்தம். கூரை போனது. அதற்குப் பின் மழையும் வேரும் தங்கள் வேலையைப் பார்க்கின்றன.

1960களின் கடைசியில், எனக்குப் பத்து வயது இருக்கும், பள்ளிக்கூட விடுமுறையில் அப்பு என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். பின்பக்க விறாந்தையில் சாந்து பொரிந்து விழுந்திருந்தது, பூச வேண்டும். முன்பக்கம் போகக்கூடாது, பூங்கன்றுகளை மிதிக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் எதிர்பார்த்தது அரண்மனை. கண்டது தடித்த சுவரும், நிழலும், காலுக்குச் சில்லென்ற நிலமும்தான். மத்தியான வெயிலில் உள்ளே காலடி வைத்தால் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி இருக்கும்.

அப்பு சாந்து பூசுவதற்கு முன் பழைய பூச்சைச் சாந்தகப்பையின் முனையால் மெல்லத் தட்டி எடுத்தார். யன்னல் படிக்குக் கீழே ஓரிடத்தில் கையை நிறுத்தினார். “மோனை, இஞ்ச வா.” உள்பூச்சில் மூன்று விரலின் தடம். முதல் பூச்சு ஈரமாய் இருக்கும்போதே, அடுத்த பூச்சுப் பிடிப்பதற்காக யாரோ ஒரு மேசன் விரலால் இழுத்துவிட்ட கோடுகள். நடுவிரல் கோடு பாதியில் வளைந்திருந்தது. “இவனுக்கு நடுவிரல் ஊனம்,” என்றார் அப்பு. அவ்வளவுதான். அதற்கு மேலே புதுச் சாந்தைப் பூசி மூடிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார். எத்தனையோ துரைமாரின் பெயரை நான் பிறகு படித்தேன். அந்த வீட்டில் எனக்கு அறிமுகமான முதல் ஆள் அந்த ஊன விரல்காரன்தான்.

அப்பு பூசியது சீமெந்து அல்ல. அந்த வீட்டுக்குச் சீமெந்து ஒத்துவராது என்று அவருக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் விளக்கம் சொல்லமாட்டார், “சுவர் மூச்சு விடவேணும்” என்பார். சூளையில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் நீற்றி, கிழமைக் கணக்காய் ஊறவிட்டு, அரித்த மணலோடு குழைத்து, பனங்கட்டி கரைத்த தண்ணீரை அளவாய் விடுவார். அந்த மணம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கார்ப்பு. அந்தச் சாந்து இறுக மாதக் கணக்காகும். காற்றிலிருக்கும் காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல வாங்கித் திரும்பவும் கல்லாக மாறும். அதனால்தான் பழைய சுவர் தன் அசைவுக்கு ஏற்றபடி தானே கொடுத்துக்கொள்கிறது. சின்ன வெடிப்பு வந்தால் மழைத் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பே அதை அடைத்துவிடும்.

சீமெந்து அப்படியில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய சுவர்கள் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். கடல் காற்றுள்ள ஊர் என்றபடியால் ஈரத்தோடு உப்பும் ஏறும். வெளியே சீமெந்தைப் பூசி அடைத்தால் அந்த ஈரமும் உப்பும் போக வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே நின்று கல்லை அரிக்கும். வெளியே பார்த்தால் சுவர் புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கும். உள்ளே மாவாகிக்கொண்டிருக்கும். (காங்கேசன்துறையில் 1950 இல் சீமெந்து ஆலை வந்ததும் இந்த ஊர்ச் சூளைகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. அந்தச் சீமெந்தும் எங்கள் மண்ணின் சுண்ணாம்புக் கல்தான். 1990 இல் யுத்தத்தோடு ஆலையும் நின்றது. சூளையும் இல்லை, ஆலையும் இல்லை.)

இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய ஒரு காலத்தில், பிரதான வீதிப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றைப் பாதுகாக்கப் போவதாகச் சொல்லி ஓர் அலுவலகம் என்னை அளவெடுக்கக் கூப்பிட்டது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, அங்கிருந்தவர்களில் நல்ல மனிதரும் உண்டு. பறங்கித் தெரு என்று பழைய ஆட்கள் சொல்லுகிற இடம். தெருவோடு ஒட்டின உயர விறாந்தை, உருண்டைத் தூண்கள், பீலி ஓடு, கறுத்து வைரம் பாய்ந்த பனைச் சிலாகைகள். பதினொரு நாள் இருந்து வரைந்தேன். எந்தச் சுவர் எந்தப் பக்கம் எத்தனை அங்குலம் சாய்ந்திருக்கிறது, எந்தத் தீராந்தியில் கறையான், எல்லாம் குறித்துக் கொடுத்தேன். சுண்ணாம்புச் சாந்துதான் வேண்டும் என்று தனித் தாளில் எழுதியும் கொடுத்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வழியால் போனேன். தூண்களுக்குச் சீமெந்து. யன்னல்களுக்குத் தள்ளித் திறக்கும் கண்ணாடி. சுவருக்கு மாம்பழ மஞ்சள். பீலி ஓட்டைக் கழற்றித் தகரம். திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கும் வந்தது, படங்களும் எடுத்தார்கள். இரண்டு மாரி தாண்டியது. மஞ்சள் பொருக்குப் பொருக்காய் விழுந்தது, அதோடு கல்லும் வந்தது. மூன்றாம் மாரியில் விறாந்தையைக் கயிறு கட்டி மறித்துவிட்டார்கள்.

ஆகவே என் பெட்டிசத்தின் சாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய பூங்கா வதிவிடத்தை அருங்காட்சியகம் ஆக்குங்கள். ஆனால் தயவுசெய்து அதைத் திருத்திக் கட்டாதீர்கள். நிற்கிறதை நிற்கிறபடி நிற்கவிட்டு, அதற்கு மேலே ஒரு நிழலைப் போடுங்கள்.

ஏன் இவ்வளவு தவிக்கிறாய், சட்டம் பாதுகாக்காதா என்று கேட்பீர்கள். சட்டத்தையும் வாசித்துப் பார்த்தேன். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்திய கட்டடத்தைத்தான் தன்னாலேயே பழைமைச் சின்னமாக எண்ணுகிறது. அதற்குப் பிந்தியது என்றால் தனியாக அறிவித்தல் போட வேண்டும். அது என்ன 1815 மார்ச் 2? கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன ஒப்பந்தத்தின் நாள். கண்டிக்கு அது பெரிய நாள்தான், மறுக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு அந்த நாளில் என்ன நடந்தது? ஒன்றுமில்லை. எங்கள் இராச்சியம் 1619 இலேயே பறங்கியரிடம், அதாவது போர்த்துக்கேயரிடம், போய்விட்டது. 1658 இல் ஒல்லாந்தர் வந்தார்கள். 1795 செப்டெம்பரில் ஆங்கிலேயர் கோட்டைக்குள் நுழைந்தார்கள். மலைநாட்டின் நாட்காட்டியை வைத்து எங்கள் சுவர்களுக்கு வயது பார்க்கிறது சட்டம். டைக் வந்தது 1829 இல் என்றபடியால் அவர் கட்டிய வீடு அந்தக் கோட்டுக்கு இப்பால் விழுந்துவிடுகிறது. சட்டத்தை மாற்று என்று ஒரு படவரைஞன் கேட்க முடியாது. அறிவித்தல் ஒன்றைப் போடுங்கள் என்று கேட்கலாம் அல்லவா?

இதற்கு முன்மாதிரி தேடித் தூரம் போகத் தேவையில்லை. கொழும்புப் புறக்கோட்டையில், பிரின்ஸ் வீதியில் இருக்கிற ஒல்லாந்தர் காலத்து அருங்காட்சியகத்தைப் பாருங்கள். சந்தைச் சத்தத்துக்கு நடுவில், தூணும் முற்றமுமாய் ஒரு வீடு. ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீயின் வதிவிடமாகப் பேசப்படுகிறது. அவர் 1692 முதல் 1697 வரை ஆண்டவர். அதன் பிறகு அந்த வீடு ஒரு பிறப்பில் பல சென்மம் எடுத்தது. குருமாரையும் ஆசிரியர்களையும் பழக்கும் பள்ளி, பட்டாளத்து ஆசுப்பத்திரி, பொலிசு, கடைசியில் புறக்கோட்டைத் தபாற் கந்தோர். இடிக்க இருந்ததைச் சிலர் தடுத்து நிறுத்தியதால் மிஞ்சி, 1982 இல் அருங்காட்சியகமானது. நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். கதிரை, கட்டில், அலுமாரி, பீங்கான், நாணயம் எல்லாம் அழகாய் வைத்திருக்கிறார்கள். பின் முற்றத்துக் கிணற்றடியில் நின்றபோதுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. இந்தக் கட்டிலில் படுத்தவன் யாரென்று எழுதியிருக்கிறது. இந்தக் கிணற்றில் தண்ணி அள்ளினது யார்? அதைச் சொல்ல ஒரு துண்டுப் பலகை கூட எனக்குத் தென்படவில்லை. பழைய பூங்காவில் அந்தக் குறை வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு ஒரு வசதியும் இருக்கிறது. பழைய பூங்கா வீட்டில் கதிரையும் இல்லை, கட்டிலும் இல்லை, எல்லாம் போய்விட்டது. துரையின் தளபாடத்தைக் காட்டி ஒப்பேற்ற முடியாது. மிச்சம் இருப்பது சுவர். சுவர் துரையுடையது அல்ல, மேசனுடையது.

உள்ளே என்ன காட்டலாம் என்றால், முதலில் ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். டைக் பதவிக்கு வந்தது 1829. இராசகாரியம் என்ற கட்டாய வேலை ஒழிந்தது 1832. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது 1844. அப்படியென்றால் அவருடைய ஆட்சியின் முதற் பதினைந்து ஆண்டும் இந்த ஊரில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொத்து. சாதியின் பேரால் சொத்து. ஒல்லாந்தர் காலத்தில் தஞ்சாவூர்ப் பஞ்சத்தில் பிழைக்க வழியற்று விற்கப்பட்டு இந்தக் கரைக்கு வந்தவர்களும் ஆயிரக் கணக்கில் இருந்தார்கள். இதெல்லாம் வெள்ளைக்காரன் மட்டும் செய்த பாவம் என்று தப்ப முடியாது. எசமான் பட்டியலில் எங்கள் பெரிய வீடுகளும் உண்டு. எங்கள் ஆட்கள் இதைக் கதைக்க விரும்பமாட்டார்கள். ஓர் அருங்காட்சியகம் கதைக்கலாம்.

இரண்டாவது, பெட்டிசங்கள். வடமாகாணத்தில் யாருக்கு எந்தக் குறை என்றாலும் கடைசியில் ஏசண்டிடம்தான் வந்து நிற்கும். காணி உறுதி, தோம்பு என்ற காணிப் பதிவேடு, தேசவழமை என்ற எங்கள் ஊர் வழக்குச் சட்டப்படி சீதனம், வரி, குளத்து முறைத் தண்ணீர். ஒல்லாந்தர் 1707 இல் சட்டமாக்கின தேசவழமையை ஆங்கிலேயரும் விடவில்லை, இன்றுவரை நீதிமன்றத்தில் அது செல்லும். அப்படியென்றால் துரை ஒருவர் தன் வாழ்நாளில் முக்கால்வாசியைத் தமிழரின் சீதனக் கணக்கைக் கேட்டே கழித்திருப்பார், பாவம். அரசாங்கச் சுவடிக்கூடத்தில் இருக்கிற பதிவுகளில் இருந்து நாலைந்தைப் படியெடுத்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விறாந்தைச் சுவருக்கு முன்னால் வைத்தாலே சனம் நின்று வாசிக்கும்.

அந்த வரிசையில் ஒரு பெட்டிசத்தை விட்டுவிடாதீர்கள். 1905 தை மாதம் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1907 வரை இங்கே வேலை பார்த்த இளம் உத்தியோகத்தர் லெனாட் வூல்ஃப். பின்னாளில் எழுத்தாளராகப் பேர் எடுத்தவர். கோட்டைக் கொத்தளத்தில் இருந்த ஒரு வீட்டில் குடியிருந்தார். அவர் பிரதான வீதியில் குதிரையில் போகும்போது தமிழ் வழக்கறிஞர் ஒருவரைச் சவுக்கால் முகத்தில் அடித்தார் என்று இங்குள்ள தமிழர் சங்கம் ஒன்று தேசாதிபதிக்கு முறையிட்டது. நான் அடிக்கவில்லை, ஒழுங்கை மீறின கட்டட வேலை ஒன்றைச் சவுக்கால் சுட்டிக் காட்டினேன், அவ்வளவுதான் என்றார் வூல்ஃப். எது உண்மையோ. எனக்கு முக்கியமானது அவர் வயதுபோன காலத்தில் தன் வாழ்க்கைக் கதையில் ஒத்துக்கொண்ட விசயம். நான் அடிக்காவிட்டாலும், அவர்களுடைய ஊரின் தெருவில் அந்தக் குதிரைமேல் அப்படி இருந்ததே அவர்கள் முகத்தில் அறைந்ததற்குச் சமம் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். ஒரு பெட்டிசம் ஏகாதிபத்தியத்தைச் சாய்க்கவில்லை. ஓர் உத்தியோகத்தனின் நித்திரையைக் கெடுத்திருக்கிறது. சவுக்கு நுனி காட்டியது கட்டட வேலை ஒன்றை என்பதில் ஒரு படவரைஞனுக்குத் தனிச் சந்தோசம்.

மூன்றாவது, சொற்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்குப் பலகை வாசிக்கப் பொறுமை இருக்காது. வீட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் அதன் பெயரை மட்டும் எழுதி வையுங்கள். யன்னல், குசினி, கதிரை, அலுமாரி: பறங்கியர் விட்டுப்போனவை. தீராந்தியும் அவர்களுடையதுதான். கந்தோர், லாச்சி, சொல்லக் கூச்சமென்றாலும் கக்கூசு: ஒல்லாந்தர் விட்டுப்போனவை. திண்ணை, முற்றம், படலை: எங்களுடையவை. போர்த்துக்கேயர் போய் 360 ஆண்டுக்கு மேல். நாங்கள் இன்னும் அவர்களுடைய யன்னலைத் திறந்துதான் காற்று வாங்குகிறோம். இந்தியாவில் இருந்து வருகிற சொந்தக்காரர் கதிரை என்ற சொல்லுக்குச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மறுப்புச் சொல்கிறவர்கள் இருப்பார்கள். வெள்ளைக்காரனின் வீட்டுக்கு என்ன கொண்டாட்டம், எங்கள் கடைசி இராசா சங்கிலியனின் அரண்மனையே இல்லையே என்பார்கள். நியாயமான கோபம். ஆனால் நல்லூர் மந்திரி மனையை எடுத்துக்கொள்ளுங்கள். இராசா காலத்து மந்திரியின் வீடு என்றுதான் சனம் நம்புகிறது. நிற்கிற கட்டடத்தின் வேலைப்பாடு ஐரோப்பியர் காலத்துக்குரியது என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். எதுவாகவும் இருக்கட்டும், நம்முடையது என்று எல்லோரும் பெருமைப்பட்ட அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி 2025 செப்டெம்பர் மழையில் இடிந்து விழுந்தது. மழை இராசாவின் சுவரா துரையின் சுவரா என்று பார்ப்பதில்லை. கோட்டைக்குள்ளே 1706 இல் கட்டின ஒல்லாந்தர் தேவாலயம் 1990 சண்டையில் போனது. மிஞ்சினவற்றை எண்ண ஒரு கை விரல் போதும்.

இன்னொரு மறுப்பு எனக்குள்ளேயே உண்டு. இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாதவர்கள் இருக்கிற ஊரில், துரையின் வீட்டுக்குக் கூரை போடச் சொல்லிக் கேட்பது சரியா? நானும் 1995 ஐப்பசியில் ஊரே இடம்பெயர்ந்தபோது தலையில் பெட்டியோடு தென்மராட்சிக்கு நடந்தவன். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் கேட்கிற கூரைக்கு அவ்வளவு காசு முடியாது என்பதை மட்டும் சொல்லலாம்.

திருத்திக் கட்டினால்தானே அழகு, யாழ்ப்பாண நூலகத்தைக் கட்டவில்லையா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். நூலகம் 1981 இல் எரிந்தது. எரிந்ததை அப்படியே நினைவுக்கு விட்டுவிட வேண்டும் என்ற குரலும் அப்போது இருந்தது. பிறகு கட்டி வெள்ளை அடித்தார்கள். அது சரிதான், பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும். ஆனால் இன்றைக்குப் போகிற பிள்ளைக்கு அங்கே ஒரு கரித்தடம் தெரியாது. வதிவிடத்தில் யாரும் குடியிருக்கப் போவதில்லை. அதனால் அதன் சுவரில் துப்பாக்கிச் சன்னம் துளைத்திருந்தால் துளை இருக்கட்டும். அதையும் அளவெடுத்து வரைபடத்தில் குறிக்கலாம். அதுவும் வீட்டின் வயதுதான்.

இனி வேலை. மாரி ஐப்பசியில் தொடங்கிவிடும், அதற்கு முன் ஆகவேண்டியவை இவை. சுவர் வெடிப்புகளில் அரசும் ஆலும் முளைத்திருந்தால் ஆளை விட்டு இழுத்துப் பிடுங்காதீர்கள், வேரோடு கல்லும் வரும். அடியில் வெட்டி, வேரை மருந்து வைத்துச் சாகவிட்டு, காய்ந்த பிறகு எடுக்க வேண்டும். சுவரின் தலைகளுக்குச் சுண்ணாம்புச் சாந்தால் தொப்பி போட வேண்டும், தண்ணீர் உள்ளே இறங்குவது அதால்தான். பிறகு கூரை. அது சுவரில் தொடவே கூடாது. தனி இரும்புக் கால்களில், சுவரில் இருந்து விலகி நின்று, மேலே தகரமோ ஓலையோ. ஓலை என்றால் எனக்குச் சந்தோசம், ஆனால் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை வேய உங்கள் கணக்காளர் ஒத்துக்கொள்ளமாட்டார். நிறம் பூச வேண்டாம். மின்விளக்குக் கோலம் வேண்டாம். வளவுக்குள் பெரிய மரங்கள் நிற்கின்றன, கார் விடுவதற்கென்று ஒன்றையும் தறிக்க வேண்டாம்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வயது போய்விட்டது. அவர்களைக் கூலிக்குக் கூப்பிடாமல் வாத்தியாராய்க் கூப்பிடுங்கள். ஒவ்வொருவரோடும் இரண்டு இளம் பிள்ளைகளை விட்டு வேலை பழக்குங்கள். எங்கள் அப்புவின் கையில் இருந்த சாந்தகப்பை இப்போது என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, நான் அதைப் பிடிக்கவே பழகவில்லை.

கடைசியாக ஒன்று. வாசலில் பெயர்ப்பலகை வைக்கும்போது டைக் கட்டிய வீடு என்று எழுதாதீர்கள். டைக் கட்டுவித்த வீடு என்று எழுதுங்கள். தமிழில் அந்த இரண்டு எழுத்துக்குள் எத்தனையோ பேர் நிற்கிறார்கள்.

அந்த வீட்டின் அளவுப் படங்கள் என்னிடம் இருக்கின்றன. 2011 இலும் அதற்குப் பிறகு இரண்டு தடவையும், பென்சன்காரனுக்கு வேறு வேலையில்லை என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, வெளியே நின்று பார்க்கக்கூடிய அளவுக்கு வரைந்தவை. ஒன்பது தாள். ஒவ்வொரு முறையும் எந்தச் சுவர் எவ்வளவு குறைந்தது என்று சிவப்புப் பென்சிலால் குறித்திருக்கிறேன். பின்பக்க விறாந்தையின் யன்னல் படிக்குக் கீழே ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கும், அங்கே பூச்சை எடுக்கும்போது கவனம். நீங்கள் சொல்லுகிற நாளில் உங்கள் செயலகத்துக்கே கொண்டுவந்து தருகிறேன். ஆனால் என் கண் முன்னாலேயே படியெடுத்துவிட்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். பிரதான வீதி வீட்டுக்குப் பதினொரு நாள் இருந்து வரைந்த தாள்கள் இன்னும் எனக்குத் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
சுண்டுக்குளியில் இருந்து ஓய்வுபெற்ற படவரைஞன் ஒருவன்